பெரிமெனோபாஸ் (மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகள்) காலப் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மனச்சோர்வு மாத்திரை: எதற்காக, எதுவரை?

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்)

தோழியர் அனைவருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது, மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. ஓராண்டாக மாதவிடாய் முன்னும் பின்னுமாக வருகிறது. இரண்டு மாதம் வராமலே இருந்துவிட்டு, வரும்போது பெரும்பாடாக வருகிறது. அதைக்கூடச் சமாளித்துவிடுகிறேன். சமாளிக்க முடியாதது இரவுதான். படுத்தவுடன் உறக்கம் வந்துவிடுகிறது, ஆனால் இரண்டரை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வந்து, நைட்டியின் கழுத்துப் பகுதி நனைந்திருக்க, மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு மகளின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் கண் அறுவை, திருத்தாத விடைத்தாள்கள் என்று ஒவ்வொன்றாக மனத்தில் வந்து நிற்கும். பகலில் வகுப்புக்குள் நுழையும் முன்பே காரணமில்லாத பயம் வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவளுக்கு இது புதிது.

மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "இந்த வயதில் வருவதுதான்" என்று சொல்லிப் பொது மருத்துவரிடம் அனுப்பினார். அவர் இரவில் ஒன்று போடச் சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அட்டையின் பின்பக்கம் பார்த்தால், எசிட்டாலோபிராம் 10 மில்லிகிராம், க்ளோனசெபாம் 0.5 மில்லிகிராம் என்று இரண்டு மருந்துகள் ஒரே மாத்திரையில் இருக்கின்றன. என் கணவர் கைப்பேசியில் தேடிவிட்டு, "இது மனச்சோர்வுக்குக் கொடுப்பதல்லவா?" என்றார். எனக்கு மனச்சோர்வு இருப்பதாக நான் நினைக்கவில்லை. இதை எடுக்கலாமா, எடுத்தால் பழகிவிடுமா, ஹார்மோன் மாத்திரை ஏன் கொடுக்கவில்லை என்று யாரிடம் கேட்பது? அனுபவமுள்ளவர்களும் விவரம் அறிந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிறுவாணி

எனக்கும் இதே மூன்று மணிதான், சகோதரி. பதில்களுக்காகக் காத்திருக்கிறேன்.

வெள்ளைச்சீருடை (ஓய்வுபெற்ற செவிலியர்)

தாமிரபரணி, மருந்தின் வகைப்பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். எசிட்டாலோபிராம் மனச்சோர்வு மருந்து என்ற பெயரில் அறியப்பட்டாலும், பதற்ற நோய்க்கும் அதே அளவுக்கு எழுதப்படும் மருந்து. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு குப்பென்று சூடாகி வேர்ப்பதற்கும் அது ஓரளவு உதவுகிறது. எனவே மருத்துவர் உங்களை மனநோயாளி என்று முத்திரை குத்திவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி உடல் வெப்பத்தை ஒரு சிறு வரம்புக்குள் வைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும்போது அந்த வரம்பு இன்னும் குறுகிவிடுவதால், உடல் வெப்பம் சிறிது உயர்ந்தாலும் மூளை அதைப் பெரும் சூடாகக் கருதி, தோலின் இரத்தக் குழாய்களை விரியவைத்து வேர்க்கவைக்கிறது. இதயமும் வேகமாகத் துடிக்கிறது. கருமுட்டை வெளிவராத மாதங்கள் கூடக்கூட புரோஜெஸ்டிரோன் குறைகிறது. அதிலிருந்து உண்டாகும் அலோபிரெக்னனலோன் என்ற பொருள் மூளையை அமைதிப்படுத்துவது, அதுவும் குறைந்துபோகிறது. ஆகவே பகலில் வரும் அந்தப் புதிய பயத்துக்கு உடல்சார்ந்த காரணமும் உண்டு. "வீட்டுக் கவலையைக் குறைத்துக்கொள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாதி மருத்துவம் என்பேன்.

மாத்திரை தொடங்குவதற்கு முன் எனக்குச் சில கேள்விகள் உண்டு. தைராய்டு பார்த்தார்களா? தைராய்டு மிகுதியாகச் சுரந்தாலும் படபடப்பு, வேர்வை, தூக்கமின்மை எல்லாம் இதே வடிவில் வரும். பெரும்பாடு என்கிறீர்கள், ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்தார்களா? இரும்புச்சத்துக் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். இரவில் கால் குடைச்சலும் வரும், அந்தக் குடைச்சலை எசிட்டாலோபிராம் வகை மருந்துகள் சிலருக்கு அதிகப்படுத்திவிடும். குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள். இந்த வயதில் பெண்களுக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் கூடுகிறது, அதற்கு க்ளோனசெபாம் ஆகாது. இன்னொன்றையும் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்: உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ, உறக்கமே தேவைப்படாமல் பல நாள் மிகுந்த உற்சாகத்துடன் அலைந்த காலம் இருந்திருந்தால், இந்த வகை மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது அந்த நிலையை மறுபடி கிளப்பிவிடலாம்.

நடுநிலை

மன்னிக்கவும், மாறுபட்டே எழுதுகிறேன். நம் பாட்டிமார் எவரும் மனச்சோர்வு மாத்திரை போட்டு இந்தப் பருவத்தைக் கடக்கவில்லை. இயற்கையான மாற்றத்தை நோயாக்கி, அதற்கு மருந்து விற்கும் வணிகம் இது என்பது என் கருத்து. சூட்டு உணர்வுக்கு எசிட்டாலோபிராம் உதவுகிறது என்றால் எவ்வளவு உதவுகிறது? போலி மாத்திரை (மருந்தே இல்லாத ஒப்பீட்டு மாத்திரை) கொடுத்தாலும் பாதிப் பேருக்குக் குறைகிறது என்று படித்திருக்கிறேன்.

வெள்ளைச்சீருடை

உங்கள் கேள்வி நியாயமானதே. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் 205 பெண்களிடம் நடத்திய ஆய்வில், எட்டு வாரங்களில் எசிட்டாலோபிராம் எடுத்தவர்களுக்குச் சூட்டு உணர்வின் எண்ணிக்கை ஏறத்தாழ 47 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் 33 சதவீதம் குறைந்தது. ஆகவே மருந்தின் சொந்தப் பங்கு இருக்கிறது, ஆனால் அது மிதமானது. அதே ஆய்வில் உறக்கமும் ஓரளவு மேம்பட்டதாகக் கண்டார்கள். 2014இல் வந்த இன்னொரு ஆய்வு, குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனையும் வென்லாஃபாக்சின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தை 75 மில்லிகிராமிலும் போலி மாத்திரையுடன் ஒப்பிட்டது. இரண்டுமே பலனளித்தன, ஈஸ்ட்ரோஜன் சற்றே முன்னால் நின்றது. எசிட்டாலோபிராம் வகையைச் சேர்ந்த பாரோக்செட்டின் 7.5 மில்லிகிராமை அமெரிக்க அரசு 2013இல் சூட்டு உணர்வுக்கென்றே அங்கீகரித்தது; மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவைவிட அது குறைவு.

பாட்டிமாரைப் பற்றி ஒன்று. அவர்கள் கடந்தார்கள் என்பது உண்மைதான், எப்படிக் கடந்தார்கள் என்று அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. "அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் எரிச்சல் குணம் வந்துவிட்டது" என்று எத்தனை வீடுகளில் பேசிக் கேட்டிருக்கிறோம்.

வடலி (யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், இப்போது லண்டன்)

இங்கே நிலைமை சற்று வேறு. எனக்கு 49 வயதில் நித்திரை முற்றாகக் குழம்பிப் போனது. முதலில் குடும்ப வைத்தியர் எசிட்டாலோபிராம் வகையைச் சேர்ந்த செர்ட்ராலின் குளிசை தருவதாகச் சொன்னார். நான் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட மெனோபாஸ் வழிகாட்டியை வாசித்துவிட்டுப் போயிருந்தேன். மனச்சோர்வு நோய் என்று கண்டறியப்படாத பெண்களின் மனத்தளர்வை இந்த வகைக் குளிசைகள் தணிக்கும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று அதில் எழுதியிருந்தது. வெறும் சூட்டு உணர்வுக்கு முதல் மருந்தாக இவற்றை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்றும், மனத்தளர்வுக்கு ஹார்மோன் சிகிச்சையையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையையும் யோசிக்கலாம் என்றும் இருந்தது. வைத்தியரிடம் இதைப் பணிவாகக் கேட்டேன், அவர் கோபிக்கவில்லை. எனக்கு மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, ஈரல் நோய் எதுவும் இல்லாதபடியால், தோலில் பூசும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், கருப்பை இருப்பதால் இரவில் எடுக்கும் புரோஜெஸ்டிரோன் குளிசையும் தந்தார். அந்தப் புரோஜெஸ்டிரோனே கொஞ்சம் நித்திரை கொள்ள வைக்கும். இரவு வியர்வை நின்றதும் நித்திரை திரும்பியது, நித்திரை திரும்பியதும் பதற்றத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

ஆனால் என் தங்கைக்கு அப்படி நடக்கவில்லை. அவளுக்கு வியர்வை இல்லை, மாதவிடாயும் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது. பிள்ளை பிறந்த பிறகு ஒருமுறை மனச்சோர்வு வந்த வரலாறு மட்டும் இருந்தது. நாற்பத்தாறில் அது திரும்பி வந்தது. சமைக்க மனமில்லை, அழுகை, விடியற்காலையில் விழிப்பு. அவளுக்குச் செர்ட்ராலின்தான் கைகொடுத்தது. ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கே மருந்து வேறாக இருக்கும்போது, அடுத்த வீட்டுக்காரியின் குளிசையை நமக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

மலர்க்கொடி

ஹார்மோன் எடுக்கவே முடியாதவர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமலிருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. டமாக்சிஃபெனே வேர்வையைக் கிளப்பும். கூடவே மாதவிடாயும் குழம்பி, இரவில் இரண்டு முறை உடை மாற்றும் நிலை. எனக்கு ஈஸ்ட்ரோஜன் கூடாது என்று புற்றுநோய் மருத்துவர் சொல்லிவிட்டார். ஊரில் இன்னொரு மருத்துவர் பாரோக்செட்டின் எழுதினார். நல்ல வேளையாக மருந்துக் கடையில் இருந்த தம்பி இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வாங்கும் முன் புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றார். டமாக்சிஃபென் ஈரலில் மாற்றமடைந்துதான் முழு வேலை செய்கிறதாம். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியைப் பாரோக்செட்டினும் ஃபுளூவாக்செட்டினும் பலமாகத் தடுக்கும். அதனால் எனக்கு வென்லாஃபாக்சின் கொடுத்தார்கள். வேர்வை பாதியாகக் குறைந்தது. வாய் வறட்சி இருக்கிறது, முதல் வாரம் குமட்டல் இருந்தது, இரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போல் இருக்கும், அதை மட்டும் முன்பே சொல்லியிருக்கலாம்.

காவிரிக்கரை (மருந்தாளுநர்)

அந்தத் தம்பிக்கு என் வணக்கம். கடையில் நாங்கள் நாள்தோறும் பார்ப்பதை எழுதுகிறேன்.

தாமிரபரணி அம்மா, உங்கள் மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்துகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எசிட்டாலோபிராம் மெதுவாகத் தொடங்கும். பதற்றம் குறைய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் பத்து நாளில் பதற்றமும் குமட்டலும் சற்றுக் கூடவும் செய்யலாம். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் க்ளோனசெபாமைச் சேர்த்துத் தருகிறார்கள். அது முதல் இரவே உறக்கம் தரும். சிக்கல் அங்கேதான். முதல் இரவே பலன் தெரிவதால், நோயாளி அந்த மாத்திரையையே "என் தூக்க மாத்திரை" என்று நம்பத் தொடங்குகிறார். மருத்துவர் ஒரு மாதத்துக்கு எழுதியதை, பழைய சீட்டைக் காட்டியும் காலி அட்டையைக் காட்டியும் இரண்டு மூன்று ஆண்டுகள் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். க்ளோனசெபாம் வகை மருந்துகளுக்கு உடல் சில வாரங்களிலேயே பழகிவிடும். அவற்றை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் நீட்டிக்காமலிருப்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்குவதால் காலை வகுப்பில் மந்தமும் மறதியும் வரும். அந்த மறதியையும் மெனோபாஸ் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

எனவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "இந்த இரண்டையும் தனித்தனி மாத்திரையாகத் தர முடியுமா? க்ளோனசெபாமை எந்தத் தேதியில் குறைக்கத் தொடங்கி எப்போது நிறுத்துவது?" சேர்ந்த மாத்திரையில் ஒன்றைக் குறைக்காமல் மற்றதைக் குறைக்க வழியில்லை. தனியாகக் கிடைத்தால் எசிட்டாலோபிராமைக் காலையில் போடலாம். இரவில் போட்டால் சிலருக்கு அதுவே உறக்கத்தைக் கெடுக்கும், சிலருக்குக் கனவு மிகும்.

மற்றொன்று, கூட எடுக்கும் மருந்துகள். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்றவற்றை அடிக்கடி போடுகிறவர்களுக்கு, இந்த வகை மருந்தும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்புக் கூடும். டிரமடால் என்ற வலி மருந்தும் இதனுடன் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு உடலில் சோடியம் குறையக்கூடும். தலைவலி, தள்ளாட்டம், குழப்பம் வந்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பெரும்பாடு உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இம்மருந்துகள் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைச் சற்றுக் குறைக்கின்றன.

சிறுவாணி

எனக்கு மிர்டசபின் 7.5 எழுதியிருக்கிறார்கள். இதுவும் அதே குடும்பமா? நன்றாக உறங்குகிறேன், ஆனால் இரவு எட்டு மணிக்கே பசி வயிற்றைக் கிள்ளுகிறது. சாப்பிட்ட பிறகும் தட்டைத் தேடுகிறேன்.

காவிரிக்கரை

வேறு வகை, சகோதரி. மிர்டசபின் குறைந்த அளவில் ஹிஸ்டமினைத் தடுத்து உறங்க வைக்கிறது. அந்தப் பசியும் அதன் செயல்தான். எடையும் சர்க்கரையும் கண்காணிப்பில் இருக்கட்டும். இதே நோக்கத்துக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமும் நம் ஊரில் எழுதப்படுகிறது. அதில் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் தொல்லை. டாக்செப்பின் என்ற பழைய மருந்தை மிகச் சிறிய அளவில், 3 அல்லது 6 மில்லிகிராம், இடையில் விழித்துக்கொள்ளும் தூக்கமின்மைக்கு அமெரிக்காவில் 2010இல் அங்கீகரித்தார்கள். எசிட்டாலோபிராம் பதற்றத்துக்கு, இவை உறக்கத்துக்கு என்று பிரித்துப் பார்த்தால் எதை எதற்குக் கொடுத்தார்கள் என்பது தெளிவாகும்.

நெறியாளர்

மீதமுள்ள மாத்திரைகளைக் கூரியரில் அனுப்பிவைப்பதாக ஒருவர் எழுதிய பதிவு நீக்கப்பட்டது. நல்லெண்ணம் என்றாலும் இங்கே அதற்கு இடமில்லை.

நடுநிலை

நான் எழுதியதைக் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்தே கூடாது என்பது என் வாதமல்ல. மருந்தில்லாத வழி எதையுமே ஒருவரும் இதுவரை விரிவாகச் சொல்லவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுகிறேன். நடைப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, சோயா இவற்றையும் பேசலாமே.

வடலி

பேசலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தராசுதான். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் ஹார்மோன் அல்லாத வழிகளை வரிசையாக மதிப்பிட்டது. சூட்டு உணர்வுக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, மருத்துவ மனவசியம், இந்த வகைக் குளிசைகள், வலிப்பு மருந்தான காபாபென்டின் ஆகியவற்றை ஏற்றார்கள். சோயா, மூச்சுப் பயிற்சி, யோகா ஆகியவற்றைச் சூட்டு உணர்வுக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. யோகாவால் வேறு நன்மைகள் உண்டு, நானும் செய்கிறேன். வியர்வை நிற்கும் என்று நம்பிச் செய்யவில்லை.

தூக்கமின்மைக்கு என்றே அமைந்த நடத்தைச் சிகிச்சை வேறு. அமெரிக்க மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016இல் நாள்பட்ட தூக்கமின்மைக்குக் குளிசைக்கு முன்பாக அதையே முதலில் கொடுக்கச் சொன்னது. நான் இணையவழியில் செய்தேன். கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். எத்தனை மணிக்கு நித்திரை வந்தாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். உண்மையில் நித்திரை கொள்ளும் நேரம் ஐந்தரை மணி என்றால், கட்டிலில் இருக்கும் நேரத்தையும் ஏறத்தாழ அந்த அளவுக்குச் சுருக்க வேண்டும். நித்திரை கெட்டியாகக் கெட்டியாகக் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். விழித்து இருபது நிமிடம் கடந்தால் கட்டிலை விட்டு எழுந்து மங்கலான வெளிச்சத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பைத்தியம் பிடித்தது போல் இருந்தது. பேருந்தில் நின்றபடியே கண் அயர்ந்தேன்.

வெள்ளைச்சீருடை

இதைத் தமிழ்நாட்டில் முறையாகக் கற்பிக்கும் உளவியலாளர்கள் பெரிய நகரங்களுக்கு வெளியே குறைவு. நம் மருத்துவர்கள் மாத்திரையை முதலில் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மூன்று நிமிடச் சந்திப்பில் எழுதக்கூடியது அதுதான். குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை, புறநோயாளிப் பிரிவின் வரிசையைப் பார்த்தவள் நான். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. மனம் மிகவும் தளர்ந்து, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், மாத்திரை வேலை செய்யட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் அது 51. எனவே நம் பெண்களுக்கு நாற்பது தாண்டியதுமே இந்தத் தொல்லைகள் தொடங்கக்கூடும். அப்போது எவரும் மெனோபாஸை நினைப்பதில்லை. இடையில் ஓர் எச்சரிக்கை: பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமலிருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. அதுவரை கருத்தரிக்க வாய்ப்பு இருக்கிறது.

தாமிரபரணி

அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் மீண்டும் மருத்துவரைப் பார்த்தேன். காவிரிக்கரை சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். முதலில் முகம் சற்று மாறியது, பிறகு தாளை வாங்கிப் படித்துவிட்டு அமைதியாகவே பதில் சொன்னார். தைராய்டு சரியாக இருக்கிறது, ஹீமோகுளோபின் 9.4தான். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியிருக்கிறார், பெரும்பாட்டுக்கு மகப்பேறு மருத்துவரிடம் மறுபடி அனுப்பியிருக்கிறார். எசிட்டாலோபிராமைத் தனியாக 5 மில்லிகிராமில் காலையில் தொடங்கி, பிறகு 10 ஆக்கச் சொன்னார். க்ளோனசெபாம் 0.25, இரண்டு வாரத்துக்கு மட்டும். ஹார்மோனைப் பற்றிக் கேட்டதற்கு, இரத்தப்போக்கின் காரணம் தெரியாமல் அதைத் தொடங்கக் கூடாது, காரணம் தெரிந்த பின் பேசலாம் என்றார். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

வேர்வை இன்னும் குறையவில்லை. வகுப்பு வாசலில் வரும் அந்தப் பயம் சற்றுத் தணிந்திருக்கிறது. வீட்டில்தான் சிக்கல், "பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை" என்று மாமியார் ஒருமுறை சொல்லிவிட்டார்கள். கணவர்தான் அவர்களிடம் "உங்களுக்கு அழுத்த மாத்திரை போல அவளுக்கு இது" என்று சொன்னார்.

சிறுவாணி

ஒரே ஒரு கேள்வி, செவிலியர் அக்கா. நன்றாகிவிட்டால் இதை எப்போது விடலாம்? மாதவிடாய் முழுவதுமாக நிற்கும் வரை எடுக்க வேண்டுமா?

வெள்ளைச்சீருடை

அப்படி விதி எதுவும் இல்லை, தங்கையே. பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ கொடுத்திருந்தால், நன்றாகிய பிறகும் ஆறு மாதமாவது தொடர்வது பொதுவான வழக்கம். முன்பே வந்து போன நோய் என்றால் இன்னும் நீளும். வேர்வைக்கு மட்டும் என்றால், நான்கு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் அதைத் தொடர்வதில் பொருளில்லை, மருத்துவரிடம் மாற்றக் கேளுங்கள். தாம்பத்திய ஆர்வம் குறைந்துவிட்டது என்பதைப் பெண்கள் சொல்லத் தயங்கி, மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள்; எசிட்டாலோபிராம் போன்ற மருந்துகளில் அது மிகச் சாதாரணமான பக்கவிளைவு, சொன்னால் அளவை மாற்றவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது.

நிறுத்தும்போது ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் சில வாரங்களோ மாதங்களோ எடுத்துக் குறைக்க வேண்டும், கடைசிச் சிறு அளவுகளை இன்னும் மெதுவாக. குறைக்கும்போது வரும் தலைசுற்றலையும் எரிச்சலையும் நோய் திரும்பிவிட்டதாக நினைத்துப் பலர் மறுபடி முழு அளவுக்குப் போய்விடுகிறார்கள். குறைத்த சில நாட்களுக்குள் வந்தால் அது பெரும்பாலும் மருந்து விலகுவதன் விளைவு, பல வாரம் கழித்து மெல்ல மெல்லப் பழைய பதற்றம் தலைதூக்கினால் நோய் திரும்புகிறது என்று பார்க்கலாம். தாமிரபரணிக்கும் சேர்த்தே சொல்கிறேன்: குறைக்கும் காலம் வரும்போது பொதுத்தேர்வு மாதத்தில் தொடங்க வேண்டாம், மே விடுமுறையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.